வாக்குச்சீட்டும் ஊர்ச்சங்கமும்

குடியாட்சி என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருக்குத் தேர்தல் நாளே நினைவுக்கு வருகின்றது. பாடசாலைக் கட்டடத்தின் முன் நீண்டு நிற்கும் வரிசையும், விரலில் இடப்படும் மையும், மடித்த சீட்டைப் பெட்டியில் இட்டுவிட்டு வெளியே வரும்போது உண்டாகும் நிறைவும் நம் கண்முன் தோன்றுகின்றன. அந்நாளோ ஐந்து ஆண்டுகளில் இரண்டு மூன்று முறையே வருவது. எஞ்சிய நாட்களில் வாக்காளருக்கு வேலை இல்லையா? தமது பெயர் இடாப்பில் இருக்கின்றதா என்று பார்ப்பதும், சீட்டில் எவ்வாறு அடையாளமிடுவது என்று கற்பதும், தெரிவு செய்யப்பட்டவர் சொன்னதைச் செய்தாரா என்று கேட்பதும் எவருடைய பொறுப்பு?

கட்சிகள் இவற்றிற் சிலவற்றைச் செய்கின்றன. ஆயினும் கட்சி தனக்கு வாக்களிப்பாரென்று கருதும் வீட்டுக்கே முதலிற் செல்லும். மற்ற வீட்டுக்காரரின் பெயர் இடாப்பில் விடுபட்டிருந்தால் அதற்காக அது வருந்தப்போவதில்லை. அரசாங்க உத்தியோகத்தர் தம் கடமையைச் செய்கின்றனர்; ஆனால் ஒரு கிராம உத்தியோகத்தர் தமது பிரிவிலுள்ள ஒவ்வொரு லயத்திலும் அமர்ந்து ஒவ்வொருவரின் ஐயத்தையும் தீர்ப்பது இயலாத காரியம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டு. அதை நிரப்புவனவே கட்சி சாராத ஊர்ச்சங்கங்கள். அவை எத்தகையன, அவற்றால் ஆகக்கூடியது யாது என்பதை மாத்தளை மாவட்டத்தை முன்வைத்துச் சிறிது ஆராய்வோம்.

முதலில் கட்சி சாராமை என்பதன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சங்கத்து அங்கத்தவர் எவருக்கும் அரசியற் கருத்து இருத்தலாகாது என்பது அதன் பொருளன்று. அங்கத்தவர் ஒவ்வொருவரும் தாம் விரும்பிய கட்சிக்கு வாக்களிக்கலாம். சங்கம் என்ற முறையில் அவர்கள் கூடும்போது மட்டும், எவருக்கு வாக்களிப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை. எல்லாரும் வாக்களிக்க வேண்டும், அறிந்து வாக்களிக்க வேண்டும், வாக்களித்தபின் கேள்வி கேட்க வேண்டும் என்பவை அவர்கள் பேசத்தக்கவை. பொதுப் பிரச்சினை ஒன்றைப் பற்றி உறுதியான கருத்துக் கொள்வதும் அவர்களுக்குத் தடையன்று. தோட்டத்துக்குப் பாதை வேண்டும் என்பது கொள்கை. பாதை போட்டுத் தருவதாகச் சொல்லும் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்பது கட்சிப் பிரசாரம். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை மெல்லியதுதான். ஆனால் அந்த எல்லையைக் காப்பதிலேயே சங்கத்தின் மதிப்பு முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இத்தகைய சங்கங்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. 1927ஆம் ஆண்டு டொனமூர் ஆணைக்குழுவினர் இலங்கைக்கு வந்தபோது, நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு நால்வருக்குக்கூட வாக்குரிமை இருக்கவில்லை. பெண்களில் ஒருவருக்கும் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஒன்று தோன்றிற்று. சிங்களவர், தமிழர், பறங்கியர் எனப் பல இனத்துப் பெண்மணிகளும் அதில் இடம்பெற்றனர். அதன் செயலாளராக இருந்தவர் அக்னஸ் டி சில்வா. அச்சங்கத்தார் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தபோது, தோட்டங்களிலே கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று அவர்களிடம் வினவப்பட்டது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்பதே அக்னஸ் டி சில்வா அளித்த மறுமொழி. படித்த, வசதியுள்ள பெண்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் அன்றைய பெரியோர் பலர் எளிதில் இணங்கியிருப்பர். அவர் அவ்வாறு கேட்கவில்லை. 1931ஆம் ஆண்டு இலங்கையிற் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபோது இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்களித்தனர். தோட்டத் தொழிலாளருக்கு மாத்திரம் நிரந்தர வதிவிடம் பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தன.

அந்தத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் மாத்தளைக்குத் தனியிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தென்னிந்திய மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். உயிர்தப்பி வந்தோர் கண்ட முதல் மலைநாட்டு ஊர்களில் ஒன்று மாத்தளை. கோப்பி அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வந்தன. இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை ஆகிய பகுதிகளில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அவர்கள் ஊன்றிய வேருக்குச் சான்றாக நிற்கின்றது.

இம்மக்களுக்கு வாக்கு எளிதாகக் கிடைக்கவுமில்லை, கிடைத்தது நிலைக்கவுமில்லை. 1930களின் பிற்பகுதியிலேயே கிராமக் குழுத் தேர்தல்களில் தோட்டங்களில் வசித்த இந்தியத் தொழிலாளருக்கு இடம் மறுக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் அவர்கள் வாக்களித்து, மலைநாட்டிலிருந்து தம் பிரதிநிதிகளை அனுப்பினர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம், பிரசைகள் அல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. ஒரு கையெழுத்தால் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் நிலை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், முடிவாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலுமே சீரடைந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள், அதாவது இரண்டு தலைமுறைகளின் காலம், இதற்குச் சென்றது.

2003ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே கவனிக்கத்தக்கது. சட்டம் நிறைவேறிவிட்டது, ஆனால் சட்டம் தானே நடந்து லயத்துக்கு வந்துவிடாது. எவர் விண்ணப்பிக்க வேண்டும், எந்தப் பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்பது மலையில் வேலை செய்வோருக்குத் தெரியவில்லை. அப்போது அரசாங்கமும், ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனமும், தொண்டர்களும், மலையக அமைப்புகளும் சேர்ந்து தோட்டங்களுக்கு அண்மையில் நடமாடும் நிலையங்களை அமைத்தனர். ஏறத்தாழப் பத்து நாட்களுக்குள் 190,000 பேர் வரையிற் பிரசாவுரிமை பெற்றனர். ஐம்பது ஆண்டுகளாகத் தீராதது பத்து நாட்களில் தீர்ந்தது. சட்டத்தையும் மக்களையும் இணைக்கும் கைகள் அருகில் இருந்தமையே அதற்குக் காரணம். ஊர்ச்சங்கத்தின் பணியும் இத்தகையதே.

இன்று மாத்தளை மாவட்டத்தில் இப்பணி எவ்வாறு அமைய வேண்டும்? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 484,000. அவருள் ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். எஞ்சியோர் முஸ்லிம்களும் தமிழருமாவர். மாத்தளை, தம்புள்ளை, லக்கலை, இறத்தோட்டை என நான்கு தேர்தற் பிரிவுகளும், மாத்தளை, தம்புள்ளை ஆகிய இரு மாநகர சபைகளும், பதினொரு பிரதேச சபைகளும் இங்குண்டு. சிதறி வாழும் சிறு தொகையினரின் குரல் எளிதில் அமுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பெயரும் இடாப்பில் இருப்பது நுவரெலியாவைக் காட்டிலும் இங்கே கூடுதலாக வேண்டப்படுவது.

1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டத்தின்படி இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றது. ஆண்டுதோறும் பதினெட்டு வயதை அடைவோர் உளர். மணமுடித்து வேறு தோட்டத்துக்குச் செல்வோர் உளர். கொழும்பிலே கடையில் வேலை செய்யச் செல்லும் இளைஞர் உளர். இவர்களே பெரும்பாலும் விடுபடுபவர்கள். வரைவு இடாப்பு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, ஊர்ச்சங்கத்தார் இருவர் அதை எடுத்து ஒவ்வொரு லயமாகச் சென்று சரிபார்த்தால், விடுபட்டோருக்கு உரிய காலத்திற் கோரிக்கை சமர்ப்பிக்கலாம். தேர்தல் அறிவிக்கப்பட்டபின் தேடினாற் பயனில்லை. மழை வருமுன்னரே கூரை வேய வேண்டும்.

இடாப்பில் பெயர் இருந்தும் வாக்களிக்க இயலாதோரும் உண்டு. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வாக்குச்சாவடியில் அடையாள அட்டையைக் காட்டுவது கட்டாயமாயிற்று. தேசிய அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்தில் வீட்டிலேயே பிறந்த முதியோர் பலரிடம் அது இல்லை. அட்டையில் ஒரு பெயரும் இடாப்பில் வேறெழுத்திலே ஒரு பெயருமாக இருப்பதும் வழக்கமே. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இராமாயி வேறொருத்தியாகி விடுகின்றாள். பெப்ரல் என அறியப்படும், நீதியும் சுதந்திரமுமான தேர்தலுக்கான மக்கள் அமைப்பு இத்தகைய குறைகளைத் தீர்க்க அடையாள அட்டைக்கான நடமாடும் சேவைகளுக்குத் துணைநின்றிருக்கின்றது. 1987ஆம் ஆண்டு தோன்றிய அவ்வமைப்பு, தேர்தல் நாட்களில் நாடெங்கும் உள்ளூர்த் தொண்டர்களைக் கண்காணிப்பாளராக அனுப்புவதாலேயே பெரிதும் அறியப்படுகின்றது. ஆனால் தேர்தலுக்கு முன் நடக்கும் இந்த ஓசையற்ற வேலையின் பெறுமதி அதிற் குறைந்ததன்று.

அடுத்தது வாக்களிக்கும் முறையைக் கற்பித்தல். நம் நாட்டில் மூவகைத் தேர்தல்களுக்கு மூவகை முறைகள் உள்ளன. சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என விருப்பத்தை வரிசைப்படுத்தலாம். பாராளுமன்றத் தேர்தலில் முதலிற் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஓர் அடையாளமிட்டு, பின்னர் அதன் வேட்பாளருள் மூவர் வரையில் விருப்பு வாக்களிக்கலாம். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஓர் அடையாளம் போதும். இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது மிக எளிது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில் 300,300 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. அடுத்த நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அத்தொகை 667,240 ஆயிற்று. இவர்களிற் சிலர் வேண்டுமென்றே சீட்டைப் பழுதாக்கியிருக்கலாம். எனினும் இரண்டு மாத இடைவெளியில் தொகை இரட்டிப்புக்கு மேலாகியமை, முறை மாறியதால் விளைந்த குழப்பத்தையே பெரிதும் சுட்டுகின்றது. இரு கட்சிகளுக்கு அடையாளமிட்டவரும், கட்சியை விட்டு விருப்பு எண்ணை மட்டும் குறித்தவரும் வரிசையில் நின்று, மை பூசிக்கொண்டு, வாக்களித்ததாக நம்பி வீடு திரும்பினர். அவர்களுடைய வாக்கோ எண்ணப்படவே இல்லை.

இதற்கு மருந்து எளியது. தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ பாடசாலை வகுப்பறையிலோ ஒரு மாலைப்பொழுது போதும். மாதிரிச் சீட்டு ஒன்றை அச்சிட்டு, எக்கட்சியையும் நினைவூட்டாத உரல், உலக்கை, அகப்பை போன்ற கற்பனைச் சின்னங்களை அதில் வரைந்து, வந்தோர் அனைவரையும் தம் கையாலேயே அடையாளமிடச் செய்தல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இரண்டாம் முறை பிழையின்றி இடுவார். உண்மைக் கட்சிச் சின்னங்களைப் பயன்படுத்தினால் அந்த நிமிடமே சங்கம் ஐயத்துக்குள்ளாகும்.

மூன்றாவது பணியே கடினமானது. அது தேர்தலுக்குப் பின் கேள்வி கேட்டல். பிரதேச சபைகளின் கதையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ்த் தோட்ட மக்கள் சபை உறுப்பினரைத் தெரிவு செய்தனர். ஆனால் சபையின் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்கு அச்சட்டமே தடையாயிருந்தது. பாதை தோட்டத்தின் எல்லைவரை வந்து நின்றுவிடும், தெருவிளக்கும் அவ்வாறே. வாக்கு உண்டு, பயன் இல்லை என்ற இந்நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. மலையக அமைப்புகள் கட்சி வேறுபாடின்றி மீண்டும் மீண்டும் இதனை எடுத்துச் சொல்லின. இறுதியாக 2018ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களிலும் சபைகள் வேலை செய்வதற்கு வழி திறந்தது. ஆயினும் திருத்தம் வந்த அளவிற் பாதை வந்துவிடாது. உக்குவளையிலோ இறத்தோட்டையிலோ சபையின் வரவு செலவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, தோட்டங்களுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

அதற்குத் துணையாக 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குண்டு. எந்தப் பிரசையும் பிரதேச சபையிடம் தகவல் கோரலாம்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால் தகவல் உத்தியோகத்தரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். தமிழில் கேட்கவும் தமிழில் மறுமொழி பெறவும் அரசியலமைப்பு இடந்தருகின்றது. எவரையும் குற்றம் சாட்டாமல், கூச்சலிடாமல், ஒரு கடதாசித் துண்டினால் கேட்கப்படும் கேள்விக்கு ஆர்ப்பாட்டத்தைவிட வலிமை உண்டு. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும் என்பது சட்டம்.

சில வேளைகளில் தேர்தலே நடைபெறாமற் போய்விடுவதும் உண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தால் நின்றது. மாத்தளை மாவட்டத்துச் சபைகளும் ஏனைய மாவட்டத்துச் சபைகளைப்போல் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இன்றியே இயங்கின. இதனை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றோரில் அரசியற் கட்சிகளும் இருந்தன. பெப்ரல் போன்ற கட்சி சாராத அமைப்புகளும் இருந்தன. தேர்தல் நடத்தப்படாமையால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நடந்தது. கட்சிகள் வழக்கிடும்போது, தோற்றாலும் வென்றாலும் அது அரசியல் என்று ஒதுக்கிவிட வழியுண்டு. வெல்வதற்கு ஆசனம் எதுவும் இல்லாதவர் வழக்கிடும்போது அவ்வாறு சொல்ல இயலாது.

வேட்பாளரின் தகுதியைப் பற்றிப் பேசுவதும் இத்தகைய அமைப்புகளின் கடமையே. 2015ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி தொடங்கிய மார்ச் 12 இயக்கம், இன்னாரைத் தெரிவு செய்க என்று சொல்லாமல், குற்றத் தீர்ப்புக்கு ஆளாகாதவர், ஊழல் புரியாதவர், சூழலை அழிக்காதவர் என வேட்பாளருக்குரிய அளவுகோல்களை வகுத்து, அவற்றைக் கட்சித் தலைவர்களின் முன் வைத்தது. தமிழ் மரபுக்கு இந்த எண்ணம் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிவு செய்தமையைக் கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அதற்கு உரியவரல்லர் என்று அங்கே விதித்திருந்தனர். அந்தச் சபையில் பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் இடமில்லை என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் கணக்குக் காட்டாதவருக்கு மறுமுறை இல்லை என்ற அந்த விதி இன்றும் எந்த ஊருக்கும் பொருந்துவது.

தோட்டப்புறத்திற் கட்சி சாராதிருப்பது ஏன் கடினம் என்பதையும் சொல்லவேண்டும். மலைநாட்டில் தொழிற்சங்கமே கட்சியாக வளர்ந்தது. பிரசாவுரிமை இல்லாத காலத்தில் தொழிலாளரைக் காத்து நின்றவை அச்சங்கங்களே. ஆகவே அவற்றின் மீது மக்கள் கொண்ட பற்று இயல்பானது. ஆனால் சந்தாவும் வாக்கும் ஒன்றே என்று ஆகிவிட்டபின், எந்தப் பொதுக் காரியத்துக்கும் ‘நீ எந்தச் சங்கம்?’ என்பதே முதற் கேள்வியாகின்றது. இதற்கு விடை, புதிதாக ஒரு பெயர்ப்பலகையை மாட்டுவதன்று. மரண உதவிச் சங்கம், கோயிற் பரிபாலன சபை, மாதர் சங்கம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றில் எல்லாக் கட்சியினரும் ஏற்கெனவே ஒன்றாக அமர்கின்றனர். சாவு வீட்டிற் கட்சி பார்ப்பாரில்லை. இந்தச் சங்கங்களிலிருந்தே ஆளுக்கு ஒருவராகக் கூடி, தேர்தல் காலத்தில் வேட்பாளராகவோ பிரசாரகராகவோ இறங்குவோர் குழுவிலிருந்து விலகுதல் வேண்டும் என்ற விதியை முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். பணம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு செலவாயிற்று என்பதை மாதந்தோறும் சுவரில் ஒட்டலாம்.

அக்குழுவிற் பெண்கள் பாதிப்பேராவது இருத்தல் நலம். கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. தண்ணீர்க் குழாயின் குறையை முதலில் அறிபவரும் அவர்களே. உள்ளூராட்சிச் சபைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு பெண்களுக்கு என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்து, 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. ஆசனம் ஒதுக்கப்பட்டாலும், கூட்டத்தில் எழுந்து பேசும் பழக்கம் ஊர்ச்சங்கத்திலேயே உண்டாக வேண்டும்.

அண்டை வீட்டாரையும் மறத்தலாகாது. தோட்டத்துக்குக் கீழேயுள்ள சிங்களக் கிராமத்தாரும், பட்டினத்து முஸ்லிம் வணிகரும் அதே பாதையிற் செல்கின்றனர். அதே பிரதேச வைத்தியசாலையின் வாயிலிற் காத்திருக்கின்றனர். தமிழர் மட்டும் கையொப்பமிட்ட மனு ஓர் இனத்தின் குறையாகத் தோன்றும். மூவினத்தாரும் கையொப்பமிட்டால் அது ஊரின் குறையாகும். சிறு தொகையினராய் வாழும் மாவட்டத்தில் இதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.

நேயர்களே, தோட்டத்துப் பெண்ணுக்கும் வாக்கு வேண்டும் என்று அன்று சொன்னவர் எந்தத் தோட்டத்துப் பெண்ணின் வாக்கையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. அவ்வாக்கு வந்தது, பறிக்கப்பட்டது, நெடுங்காலத்தின் பின் மீண்டது. இனி அதைக் காப்பது சட்டத்தின் பொறுப்பு மட்டும் ஆகாது. அடுத்த முறை வரைவு இடாப்பு கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்துக்கு வரும்போது, தம் பெயரைப் பார்த்தபின் பக்கத்து லயத்தாரின் பெயரையும் ஒருமுறை தேடிப்பாருங்கள். அவர் உங்கள் கட்சிக்காரரா என்பதைப் பின்னர் கேட்டுக்கொள்ளலாம். கேளாமல் விட்டுவிட்டால் இன்னும் நன்று.